மேயர் இல்லாத மாநகரத்தில் வாழும் உங்களுக்கு
பீன்யாவின் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர்களுக்கும், சி.என்.சி. மெஷின் முன்னால் நைட் ஷிஃப்ட் நிற்கிறவர்களுக்கும், ஃபவுண்ட்ரிச் சூட்டில் வேகிறவர்களுக்கும், கார்மெண்ட்ஸ் லைனில் டார்கெட்டைத் துரத்துகிற பெண்களுக்கும், இவர்கள் எல்லோருக்கும் இட்லி வேகவைக்கிற மெஸ்காரர்களுக்கும் வணக்கம்.

பெங்களூருவின் மேயர் யார் என்று யாராவது கேட்டால் உங்களில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? தெரியாவிட்டால் குற்றம் உங்களுடையது அல்ல. அப்படி ஒருவர் இல்லை. கடைசி மேயர் கௌதம் குமார். 2020 செப்டம்பர் 10ஆம் தேதி அவருடைய காலம் முடிந்தது. அவரோடு 198 கார்ப்பரேட்டர்களின் காலமும் முடிந்தது. அதன்பின் மாநகரத்தை நடத்தியவர்கள் அரசு நியமித்த நிர்வாகிகளும் கமிஷனர்களும்தான். அந்த வருடம் இங்கே பிறந்த குழந்தை இன்று முதுகில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேனுக்குக் காத்து நிற்கிறது.

மேயர் இல்லாதது ஒரு குறை. அவர் இல்லாததை நீங்கள் கவனிக்கவே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. இந்த மடல் எழுதப்படுவது அதற்காகத்தான்.

ராஜகோபால் நகரில் மோரி அடைத்துக்கொண்டால் வீட்டு ஓனரிடம் சொல்கிறீர்கள். ஓனர் தெரிந்த ஒருவருக்குப் போன் போடுகிறார். அவர் எம்.எல்.ஏ. ஆபீஸில் இருக்கும் ஒருவருக்குப் போடுகிறார். வேலை நடந்தால் அது உதவி, நடக்காவிட்டால் விதி. ஹெக்கனஹள்ளியிலும் லக்கெரேயிலும் சொக்கசந்திராவிலும் இதே கதைதான். வார்டில் ஓட்டு வாங்கி ஜெயித்தவர் ஒருவர் இருந்திருந்தால், உதவியாகக் கேட்டதை உரிமையாகக் கேட்டிருக்கலாம்.

'நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள், கார்ப்பரேஷனுக்கு வரி கட்டுகிறவர்கள் அல்ல' என்று சொல்லாதீர்கள். பத்துக்குப் பத்து அறையின் வாடகையில் ஓனரின் சொத்து வரியும் சேர்ந்தே இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் குப்பை அள்ளுவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் சொத்து வரியோடு ஒட்டிக்கொண்டது. அதுவும் சுற்றிச் சுற்றி உங்கள் தலையில்தான் வந்து இறங்கும். அதற்கு முந்தைய மாதம் மாநகராட்சியின் பட்ஜெட் வந்தது, ஏறத்தாழ 19,900 கோடி ரூபாய்க்கு. போட்டவர்கள் அதிகாரிகள். 'பீன்யா ரோட்டுக்கு எவ்வளவு?' என்று எழுந்து கேட்க மன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. மன்றமே இல்லை.

இந்த ஊரில் இது இயல்பான நிலை அல்ல. இங்கே உள்ளாட்சிக்கு வயது 160 தாண்டிவிட்டது. 1862 மார்ச் 27 அன்று ஊர்ப் பெரியவர்கள் ஒன்பது பேர் கூடி, 1850ஆம் வருடச் சட்டத்தின்கீழ் ஒரு நகராட்சி வாரியத்தை உண்டாக்கினார்கள். கண்டோன்மென்ட் பகுதிக்கும் அதேபோல ஒரு வாரியம் வந்தது. உங்களுக்கு மூன்று தலைமுறை முன்னாலேயே வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியேறியிருந்தார்களே, அந்தக் கண்டோன்மென்ட்தான். 1881இல் இரண்டு வாரியங்களும் சட்டப்படி இரண்டு நகராட்சிகள் ஆயின. பேட்டை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில், கண்டோன்மென்ட் வெள்ளைக்காரன் கையில். ஒரே ஊர், நடுவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு. மறு வருடமே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் சொத்து வரியும் கூடவே வந்தன. வரி கேட்கிறவன் ஓட்டும் தரவேண்டும் என்ற கணக்கை அந்தக் காலத்து ஆட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

1913இல் நகராட்சிக்குக் கௌரவத் தலைவர் பதவி வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த கே.பி.புட்டண்ண செட்டியின் பெயரைத்தான் ஜே.சி. ரோட்டு முனையில் இருக்கும் டவுன் ஹால் இன்றும் தாங்கி நிற்கிறது. போராட்டம் என்றால் முன்பெல்லாம் நீங்கள் கூடிய அதே படிக்கட்டு. 1920இல் தலைவர் பதவி தேர்தலுக்குரியதானது. சுதந்திரத்துக்குப் பின், 1949இல், இரண்டு நகராட்சிகளும் ஒன்றாகி பெங்களூர் மாநகராட்சி பிறந்தது. 50 டிவிஷன், 70 உறுப்பினர்கள். மேயர் என்ற பதவி அப்போதுதான் வந்தது. முதல் மேயர் ஆர்.சுப்பண்ணா.

பீன்யா இந்தக் கதைக்குள் வரவே இல்லை, கவனித்தீர்களா? 1970களில் வயலையும் பொட்டலையும் எடுத்துத் தொழிற்பேட்டை ஆக்கியபோது இது ஊருக்கு வெளியே கிடந்த இடம். ஃபேஸ், ஸ்டேஜ் என்று நம்பர் போட்டு மனை பிரித்தார்கள். ஆசியாவிலேயே பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. உங்கள் அப்பாக்களும் மாமன்களும் தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட்டோடு பஸ் ஏறி வந்தார்கள். மாநகராட்சியின் எல்லை மட்டும் இங்கே வந்து சேரவில்லை. பக்கத்தில் தாசரஹள்ளி நகரசபை என்று தனியாக ஒன்று இருந்தது. 2007இல்தான் அதையும், அதோடு வேறு ஆறு நகரசபைகளையும், கெங்கேரி பேரூரையும், 110 கிராமங்களையும் ஒரே வாயில் விழுங்கி 'பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே' உருவானது. 100 வார்டு 198 ஆனது. 'பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியா' என்ற பெயரிலேயே 41ஆம் வார்டு ஒன்று பிறந்தது.

பிறந்தது, ஆனால் உடனே பேச்சு வரவில்லை. பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் 2006 நவம்பரிலேயே முடிந்திருந்தது. புதிய பாலிகேயின் முதல் தேர்தல் நடந்ததோ 2010 மார்ச் 28இல். அதன்பின் 2015 ஆகஸ்டில் இன்னொன்று. அவ்வளவுதான். பீன்யா பெங்களூருவுக்குள் வந்து ஏறத்தாழ 19 வருடம் ஆகிறது. அதில் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது ஏறத்தாழ பத்து வருடம்தான். மிச்சக் காலமெல்லாம் அதிகாரிகள் ராஜ்யம்.

அந்தப் பத்து வருடமாவது உருப்படியாகப் போயிற்றா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து வருடத்தில் பத்து மேயர்கள். எஸ்.கே.நடராஜ், சாரதம்மா, வெங்கடேஷ் மூர்த்தி, சத்யநாராயணா, சாந்தகுமாரி, மஞ்சுநாத் ரெட்டி, பத்மாவதி, சம்பத் ராஜ், கங்காம்பிகே, கௌதம் குமார். ஆளுக்கு ஒரு வருடம். 1976ஆம் வருட கர்நாடக மாநகராட்சிச் சட்டம் போட்ட கணக்கு அது. முதல் மூன்று மாதம் மாலை மரியாதை, நடுவில் கொஞ்சம் வேலை, கடைசி மூன்று மாதம் அடுத்தவர் யார் என்ற பேரம். ஒரு டெண்டர் முடிவதற்குள் மேயர் மாறிவிடுவார். நாலு பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது இட ஒதுக்கீடு தந்த நல்ல பலன். ஆனால் ஒரு வருடத்தில் யாராலும் எதையும் நட்டு, முளைப்பதைப் பார்க்க முடியாது.

இன்னொரு கசப்பும் உண்டு. 2015 தேர்தலில் பா.ஜ.க. 198 இடத்தில் 100 பிடித்தது. காங்கிரஸ் 76, ஜனதா தளம் 14. யார் மேயர்? காங்கிரஸின் மஞ்சுநாத் ரெட்டி. மேயர் தேர்தலில் கார்ப்பரேட்டர்களோடு நகரத்து எம்.எல்.ஏ., எம்.எல்.சி., எம்.பி.க்களுக்கும் ஓட்டு உண்டு. அந்த ஓட்டுகளும் சுயேச்சைகளும் ஜனதா தளமும் ஒரு பக்கம் சேர்ந்ததும் தராசு சாய்ந்துவிட்டது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் உங்கள் தெருவுக்காக ஓட்டுப் போட்டவர்களுக்கு மேயரைத் தேர்ந்தெடுத்தது யார் என்றே குழம்பிப்போனது.

மேயருக்குக் கையில் என்ன இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தண்ணீரும் சாக்கடைக் குழாயும் 1964இலிருந்து தனி வாரியத்திடம். லேஅவுட் போடுவது 1976இலிருந்து பி.டி.ஏ.விடம். பஸ் பி.எம்.டி.சி.யிடம், கரண்ட் பெஸ்காமிடம், ரயில் நம்ம மெட்ரோவிடம். நிர்வாக அதிகாரம் அரசு அனுப்பும் கமிஷனரிடம். மேயரிடம் எஞ்சியது மன்றத்தை நடத்துவதும் கேள்வி கேட்பதும்தான்.

அப்படியானால் அதிகாரமில்லாத பதவிக்கு ஏன் இத்தனை பெரிய மடல்?

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் என்று ஒரு நகரம். உலகம் அதைச் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் அறியும். அங்கே பிஞோனே என்ற ஒரு தொழிற்சாலை இருந்தது, வார்ப்பும் இயந்திரமும் செய்கிற, உங்கள் கம்பெனிகளின் ஜாதி. 1953இல் முதலாளிகள் அதை இழுத்து மூட முடிவு செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை போகவிருந்தது. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதைய மேயர் ஜார்ஜோ லா பீரா, சட்டப் பேராசிரியர், பக்திமான், கம்யூனிஸ்ட் அல்ல. ஆலையைத் திற, மூடு என்று சொல்ல அவருக்கு எந்தச் சட்ட அதிகாரமும் கிடையாது. ஆனாலும் அவர் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். அமைச்சர்களைத் தூங்கவிடவில்லை. அரசு எண்ணெய் நிறுவனமான எனியின் தலைவர் என்ரிகோ மத்தேயியைப் பிடித்து, அந்த ஆலையை எடுத்துக்கொள்ள வைத்தார். 1954இல் 'நூவோ பிஞோனே' என்ற புதுப்பெயரோடு அது திரும்ப ஓடியது. இதே லா பீராதான் வீடில்லாதவர்களுக்காகப் பூட்டிக்கிடந்த வீடுகளைக் கையகப்படுத்தியதும். அவருக்கு அந்தத் தைரியம் கொடுத்தது ஓட்டு. நியமனத்தில் வந்த அதிகாரியாக இருந்திருந்தால் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஃபிளாரன்ஸ்காரர்களுக்கு அந்த வித்தியாசம் அனுபவத்தில் தெரியும். 1926இல் முசோலினி இத்தாலி முழுக்க மக்கள் தேர்ந்தெடுத்த மேயர்களை ஒழித்தார். அந்த இடத்தில் 'பொதெஸ்தா' என்ற பெயரில் ரோமிலிருந்து நியமித்த ஆட்களை உட்கார வைத்தார். சர்வாதிகாரம் விழுந்தபின், 1946இல், உள்ளூர்த் தேர்தல்கள் திரும்பின. 1993இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டமும் வந்தது. பெங்களூருவில் சர்வாதிகாரி யாரும் இல்லை. இங்கே தேர்தலை யாரும் ஒழிக்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். கீழே இருப்பவனுக்கு வந்து சேர்வது என்னவோ ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த உங்களுக்கு இந்தத் தள்ளிப்போடல் புதிதல்ல. இந்தியாவிலேயே முதல் மேயர் வந்தது மதராஸில், 1688இல், நத்தானியேல் ஹிக்கின்சன். அந்த முதல் மன்றத்தில் ஆலங்காத்தாப் பிள்ளை போன்ற உள்ளூர்க்காரர்களும் ஆல்டர்மேன்களாக இருந்தார்கள். அத்தனை பழம்பெருமை கொண்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் மஸ்டர் ரோல் ஊழலைக் காட்டிக் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் எப்போது? 1996இல். 23 வருடம் சென்னைக்கு மேயர் இல்லை. ஊழலைக் களையத்தான் கலைத்தோம் என்றார்கள். ஒரு தலைமுறை வளர்ந்து கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறும்வரை அந்தக் காரணம் செல்லுபடியானது. 2016க்குப் பிறகு அங்கே மறுபடியும் ஒரு நீண்ட வெற்றிடம். 2022 மார்ச்சில்தான் ஆர்.பிரியா மேயரானார். உங்களில் பலர் ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் ஓசூர், 2019இல்தான் மாநகராட்சி ஆனது. அதற்குக்கூட 2022இலிருந்து மேயர் உண்டு. பெங்களூருவுக்கு இல்லை!

இங்கே நடந்த தள்ளிப்போடலுக்குப் போடப்பட்ட வேஷங்களைப் பாருங்கள். அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம், 1993 ஜூன் முதல் அமலில் இருப்பது, மன்றத்தின் ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. 2020 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 198 வார்டுகளுக்குத் தேர்தல் நடத்தச் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இதற்கிடையில் புதுச் சட்டம் ஒன்று வந்து, வார்டுகள் 243 என்றது. எல்லை பிரித்தார்கள். ஆட்சி மாறியது, 225 என்று மறுபடி பிரித்தார்கள். கட்சி எதுவானாலும் அளவுநாடா மட்டும் கீழே வைக்கப்படவில்லை. அந்த 2020 சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: மேயரின் காலம் ஒரு வருடத்திலிருந்து 30 மாதமாகும். ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் ஒரே ஒரு மேயர்கூடப் பதவி ஏற்கவில்லை. அதற்குள் அடுத்த சட்டம் வந்துவிட்டது.

அதுதான் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம். 2025 செப்டம்பர் 2 அன்று பாலிகே ஐந்தாக உடைந்தது: மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம், அதற்குத் தலைவர் முதலமைச்சர். வார்டுகள் 369. இனி ஒன்றல்ல, ஐந்து மேயர்கள். அந்த ஐந்து பேரும் ஆணையத்தில் உறுப்பினர்கள். தண்ணீர் வாரியமும் பஸ் நிர்வாகமும் மெட்ரோவும் உட்காரும் அதே மேசையில் உங்கள் பகுதி மேயருக்கும் ஒரு நாற்காலி உண்டு. முதலமைச்சர் தலைமை தாங்கும் கூட்டத்தில் மேயரின் குரல் எவ்வளவு எடுபடும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் சந்தேகப்படக்கூட ஒன்றும் இருக்காது.

உள்ளூர் நிர்வாகத்தில் இடம் வேண்டும் என்பதைத் தொழிற்பேட்டை முதலாளிகள் உங்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். வரி வாங்குகிறார்கள், ரோடு போடுவதில்லை என்பது அவர்களுடைய பல வருடப் புகார். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2013இல் தனியாக ஒரு தொழில் நகரிய ஆணையம் கிடைத்தது. அங்கே வசூலாகும் வரியில் பெரும்பங்கு அங்கேயே செலவாகிறது. பீன்யாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கோணத்தில் சரிதான். ஆனால் அப்படிப்பட்ட நகரியத்தில் வார்டும் இல்லை, கார்ப்பரேட்டரும் இல்லை. கம்பெனி வாசல் ரோடு பளபளக்கும். நீங்கள் ஷிஃப்ட் முடிந்து நடந்து போகும் சந்து அந்த வேலிக்கு வெளியே இருக்கும். அந்தச் சந்துக்காகக் கேட்க வேறு யாரும் வரமாட்டார்கள்.

உங்கள் தயக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாததல்ல. காவிரிக் கலவரம் வெடித்த 1991 டிசம்பரை உங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பர் 12ஐ நீங்களே பார்த்தீர்கள். காவிரிக்காக எரிந்த பஸ்களின் புகை, ஹெக்கனஹள்ளியில் துப்பாக்கிச் சூடு, பீன்யாவும் ராஜகோபால் நகரும் உள்ளிட்ட 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. 'வந்த இடத்தில் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவோம்' என்ற பழக்கம் அந்த மாதிரி ராத்திரிகளில் வந்தது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

ஆனால் வார்டுத் தேர்தல் மொழிச் சண்டை அல்ல. தமிழ் மேயர் வேண்டும் என்று கேட்கும் மடலும் இதுவல்ல. மோரி அடைத்தால் உங்கள் எதிர்வீட்டு ஹாசன்காரர் வீட்டிலும் தண்ணீர் ஏறுகிறது, பக்கத்து அறை ஒடிசாப் பையனின் படுக்கையும் நனைகிறது. அந்த ஹாசன்காரரோடு சேர்ந்து, கன்னடத்தில், வார்டு ஆபீஸில் போய்க் கேட்பதுதான் இங்கே உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பும்கூட. பட்டியலில் பெயர் இருப்பவரை 'வந்தேறி' என்று ஒதுக்குவதற்கு முன் ஓட்டுக் கேட்டு வருகிறவர் இரண்டு முறை யோசிப்பார்.

ஆக, உங்களிடம் கேட்பது இதுதான். உங்களில் ஏராளமானவர்களின் ஓட்டு இன்னும் அரூரிலும் ஊத்தங்கரையிலும் வாணியம்பாடியிலும் இருக்கிறது. தேர்தல் என்றால் லீவு போட்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் போய், மை வைத்துக்கொண்டு திரும்புகிறீர்கள். ஊர்ப் பற்று நல்லதே. ஆனால் வருடத்தில் பத்து நாள் இருக்கும் ஊரின் சாலைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, 355 நாள் நடக்கும் சாலையை யாரோ முடிவு செய்யட்டும் என்று விடுவது எந்தக் கணக்கில் சேரும்? பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்து, கேஸ் கனெக்‌ஷன் வாங்கி, பல வருடமாக இங்கேயே இருக்கிறவர்கள் குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், அந்த யோசனையே வேண்டாம். ஊரில்தான் ஓட்டு என்று முடிவானால் அது உங்கள் உரிமை. இங்கேதான் வாழ்க்கை என்று தோன்றினால், ஓட்டையும் இங்கே கொண்டுவாருங்கள்.

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. பதினெட்டு முடிந்து முதல்முறை பெயர் சேர்க்கும் உங்கள் பிள்ளைகளுக்குப் படிவம் 6. ஆதார், வங்கிப் பாஸ்புக், கேஸ் அல்லது கரண்ட் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், இவற்றில் ஏதாவது ஒன்றில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். ஓனர் ஒப்பந்தம் போட மறுத்தால் சோர்ந்துபோக வேண்டாம். காகிதம் இல்லாதவர்களின் வீட்டுக்கு வாக்குச்சாவடி அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வழி உண்டு. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மாநகராட்சித் தேர்தலுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது, சட்டமன்றப் பட்டியலில் இருந்துதான் வார்டுப் பட்டியல் பிரிகிறது. ஆகவே தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கார்மெண்ட்ஸ் ஹாஸ்டலில் இருக்கும் பெண்கள் வார்டனிடம் முகவரிச் சான்று கேட்டு வாங்குங்கள், நாலு பேர் சேர்ந்து போனால் மறுக்கத் தயங்குவார்கள்.

வேட்பாளர் உங்கள் வரிசை வீட்டு வாசலுக்கு வரும்போது கொடியையும் சின்னத்தையும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். வார்டு கமிட்டியை மாதா மாதம் கூட்டுவீர்களா, அதுவும் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டுவீர்களா என்று கேளுங்கள். மேயர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். தொழிற்பேட்டையில் வசூலாகும் சொத்து வரியில் எத்தனை ரூபாய் ராஜகோபால் நகர்ச் சந்துகளுக்கு வரும் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே தாளை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீஸுக்குப் போங்கள். எதிர்வீட்டு ஹாசன்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.